'ரியோ பிராவோ'வைக் கேட்டுப் பார்ப்பது எப்படி?

கௌபாய் படம் என்றால் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது லயன் காமிக்ஸ் பக்கங்களில் குதிரை மீது பாய்ந்து வரும் டெக்ஸ் வில்லர்தான். அதற்கு முந்தைய தலைமுறையினருக்கு 'மெக்கன்னாஸ் கோல்ட்'. புழுதி, பள்ளத்தாக்கு, துரத்தல், புதையல் என்று பழகிய கண்ணோடு ஒருவர் 'ரியோ பிராவோ'வைப் போட்டு உட்கார்ந்தால் முக்கால் மணி நேரத்துக்குள் அவருக்குச் சலிப்புத் தட்டிவிடக்கூடும். ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கத்தில் 1959ஆம் ஆண்டு வெளிவந்த இந்தப் படம் 141 நிமிடங்கள் ஓடுகிறது. அதில் பெரும்பகுதி ஒரு சிறைக்கூடத்திலும், அதே தெருவில் உள்ள ஒரு விடுதியிலும், ஒன்றிரண்டு மதுக்கூடங்களிலும் ஆட்கள் பேசிக்கொண்டிருப்பதிலேயே கழிகிறது. ஊரை விட்டுக் கதை வெளியே போவதே அரிது. நானும் முதல்முறை பாதியில் நிறுத்தியவன்தான். பல ஆண்டுகள் கழித்து மறுபடி பார்த்தபோதுதான், சண்டை எப்போது வரும் என்று காத்திருந்ததில் கண்முன் நடந்துகொண்டிருந்த படத்தைத் தவறவிட்டிருந்தேன் என்பது புரிந்தது. இந்தப் படத்தில் பேச்சுதான் சண்டை. துப்பாக்கி அந்தப் பேச்சுக்கு வைக்கும் முற்றுப்புள்ளி மட்டுமே. அப்படிப் பார்க்கப் பழகுவதற்கான வழிகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதையை முன்கூட்டியே தெரிந்துகொள்வதால் நட்டம் ஏதும் இல்லை. டெக்சாஸ் எல்லையோரச் சிற்றூர் ஒன்றில் ஜான் டி. சான்ஸ் என்பவர் ஷெரீஃப், அதாவது ஊர்க்காவல் அதிகாரி. ஜான் வெய்ன் நடித்திருக்கிறார். ஆயுதம் ஏதும் இல்லாத ஒருவரைச் சுட்டுக் கொன்ற ஜோ பர்டெட் என்பவனை அவர் பிடித்து அடைக்கிறார். ஜோவின் அண்ணன் நேதன் பர்டெட் அந்த வட்டாரத்தின் பெரும் பண்ணையார். கூலிக்கு ஆட்களை அமர்த்தி ஊரை அடைத்துவிடுகிறார். மத்திய அரசின் காவல் அதிகாரியான மார்ஷல் வந்து கைதியை ஏற்றுக்கொள்ளும் வரை சிறையைக் காக்க வேண்டும். சான்ஸுக்குத் துணையாக இருப்பவர்களோ, காதல் தோல்வியில் குடித்துக் கெட்ட முன்னாள் துணை ஷெரீஃப் டூட், காலைத் தாங்கி நடக்கும் முதியவர் ஸ்டம்பி ஆகிய இருவர் மட்டுமே. பிறகு கொலராடோ என்ற இளைஞனும், வண்டியில் வந்து இறங்கிய ஃபெதர்ஸ் என்ற பெண்ணும், விடுதி நடத்தும் கார்லோஸும் ஒவ்வொருவராக இந்த வட்டத்துக்குள் வருகிறார்கள். கதை இவ்வளவுதான். இதைவிடச் சிறிய கதையை வைத்துக்கொண்டு எத்தனையோ படங்கள் தொண்ணூறு நிமிடங்களில் முடிந்திருக்கின்றன. மீதி ஐம்பது நிமிடங்களை ஹாக்ஸ் எதற்குச் செலவிட்டார் என்பதில்தான் படத்தின் ருசி இருக்கிறது.

உட்காரும் முன்

முடிந்தவரை ஒரே அமர்வில் பாருங்கள். கைப்பேசியில் இருபது இருபது நிமிடங்களாகத் துண்டுபோட்டுப் பார்ப்பதற்கு ஏற்ற படம் இதுவல்ல. முதல் அரைமணி நேரத்தில் சொன்ன ஒரு சொல்லுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பதில் வருகிறது, இடையில் ஒரு நாள் கடந்துவிட்டால் அந்தப் பதில் காதில் விழாது. ஒலியில் கவனம் வையுங்கள்; நல்ல ஹெட்ஃபோன் இருந்தால் அதுவே போதும். மொழிமாற்றிய பிரதி கிடைத்தாலும் மூலக் குரல்களோடு பாருங்கள். வெய்னின் இழுத்து நிறுத்திப் பேசும் பேச்சும், டூடாக நடித்த டீன் மார்ட்டினின் கம்மிய குரலும், பல்செட்டைக் கழற்றிவிட்டு ஸ்டம்பியாக நடித்த வால்டர் பிரென்னனின் குழறலான புலம்பலும் ஒன்றோடொன்று உரசும் ஓசையே இந்தப் படத்தின் பாதி இசை. துணை நடிப்புக்காக மூன்று ஆஸ்கர் விருதுகள் பெற்றவர் பிரென்னன். அவருடைய குரலை இன்னொருவர் குரலால் மூடுவது பெரிய இழப்பு.

சப்டைட்டில் வேண்டும்தான், ஆனால் அதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. வரிகளைப் படிக்கும் கண் திரையின் அடியிலேயே தங்கிவிடும், அதற்குள் மேலே ஒரு கை செய்த வேலை கடந்துபோய்விடும். எனவே முதல் பார்வையை சப்டைட்டிலோடு முழுமையாக முடித்துவிட்டு, பிறகு சிறைக்கூடக் காட்சிகளில் மூன்று நான்கை மட்டும் சப்டைட்டில் இல்லாமல் மறுபடி பாருங்கள். யார் என்ன சொன்னார்கள் என்பது ஏற்கெனவே தெரிந்திருப்பதால், இந்த முறை கண் விடுதலையாகிவிடும்.

தொடக்கத்துக்குத் தாமதமாக வராதீர்கள். பேச்சுக்குப் பேர்போன இந்தப் படம் ஏறத்தாழ நான்கு நிமிடங்கள் ஒரு வசனமும் இல்லாமல்தான் தொடங்குகிறது. அழுக்குச் சட்டையோடு டூட் மதுக்கூடத்துக்குள் தயங்கித் தயங்கி நுழைகிறான். பிறர் குடிப்பதைப் பார்த்து உதட்டைத் துடைத்துக்கொள்கிறான். அதைக் கவனித்த ஜோ பர்டெட், வேண்டுமா என்று சைகையால் கேட்டுவிட்டு, ஒரு வெள்ளி டாலரைத் தரையில் உள்ள படிக்கத்துக்குள் வீசுகிறான். எச்சிலுக்குள் கைவிட்டு அதை எடுக்க டூட் குனிகிறான். அப்போது ஒரு கால் வந்து படிக்கத்தை எட்டி உதைக்கிறது. குனிந்தவனின் கண்மட்டத்திலிருந்து கேமரா நிமிர்ந்து பார்த்தால் சான்ஸ் நிற்கிறார். தன்னைக் காத்த அந்த மனிதரையே அடுத்த கணம் டூட் பின்னாலிருந்து கட்டையால் அடித்துவிடுகிறான், அவமானத்தில் இருப்பவனுக்கு உதவியும் அவமானமாகவே படும் என்பதால். இவற்றில் ஒன்றையும் யாரும் வாயால் சொல்வதில்லை. இதன் பிறகு படம் முழுவதும் இவர்கள் என்ன பேசினாலும் அந்தப் பேச்சுக்கு அடியில் இந்தப் படிக்கம் கிடக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

'தேறுவானா?' என்ற ஒரே கேள்வி

பல பாத்திரங்கள் உள்ள படத்தில் எந்த இழையைப் பிடித்துக்கொண்டு போவது என்ற குழப்பம் இயல்பு. இங்கே பிடித்துக்கொள்ள வேண்டிய இழை ஒரு கேள்விதான். ஆள் தேறுவானா? ஏறக்குறைய ஒவ்வோர் உரையாடலும் சுற்றி வளைத்து இந்தக் கேள்வியையே கேட்கிறது.

சரக்கு வண்டிகளோடு ஊருக்கு வரும் பழைய நண்பர் பேட் வீலர், ஒரு கால் ஊனமுற்ற முதியவரையும் ஒரு குடிகாரனையும் வைத்துக்கொண்டா சமாளிக்கப் போகிறாய் என்று திகைத்துக் கேட்கும்போது, இருப்பவர்கள் இவர்கள்தான் என்ற அளவில் சான்ஸ் பதில் சொல்லி நிறுத்திக்கொள்கிறார். ஊராரைத் துணைக்கு அழைக்கலாமே என்ற யோசனையையும் அவர் ஏற்பதில்லை. நல்லெண்ணம் கொண்டவர்கள்தான் என்றாலும் பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்துக் கவலைப்படும், சண்டைப் பழக்கமில்லாத ஆட்களைத் தேர்ந்த கூலிப்படையின் முன்னால் நிறுத்துவது அவர்களைச் சாகக் கொடுப்பதாகும் என்பது அவர் கணக்கு. இந்தப் பதிலில் ஆணவம் இருப்பதாக முதலில் தோன்றலாம். கவனித்துக் கேட்டால், தேறாத ஆளை ஆபத்தில் தள்ளக் கூடாது என்ற பொறுப்புதான் அதில் ஒலிக்கிறது.

இந்த இடத்தில் ஒரு பின்னணியைச் சொல்ல வேண்டும். 1952இல் வெளிவந்த 'ஹை நூன்' படத்தில் ஊர்க்காவல் அதிகாரி ஒருவர் வீடு வீடாகச் சென்று உதவி கேட்கிறார், ஒருவரும் வருவதில்லை. நல்ல தொழில்காரன் அப்படி அலைய மாட்டான் என்று ஹாக்ஸுக்குப் பட்டது. ஜான் வெய்னுக்கும் அந்தப் படத்தைப் பிடிக்கவில்லை. அதற்கு மறுமொழியாகவே 'ரியோ பிராவோ' உருவானது. அங்கே கேட்டும் வராத உதவி, இங்கே வேண்டாம் என்று சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்த நாள்களில் பார்ப்பது மிகுந்த பயன் தரும். என்னைக் கேட்டால், 'ஹை நூன்' மீது ஹாக்ஸ் வைத்த குற்றச்சாட்டு நியாயமானதல்ல. அந்தப் படத்தின் தனிமை உண்மையானது. ஆனால் தவறான கோபத்திலிருந்தும் ஒரு நல்ல படம் பிறக்கலாம் என்பதற்கு இது சான்று.

கொலராடோ விஷயத்தில் இதே கேள்வி இன்னும் கூர்மையாகிறது. வீலரின் ஆளாக வரும் அந்த இளைஞனைப் பற்றி, அவன் எதிரிலேயே, வீலரிடம் சான்ஸ் விசாரிக்கிறார். எனக்கும் ஆங்கிலம் வரும், கேட்பதை என்னிடமே கேட்கலாம் என்று அவன் அமைதியாகச் சொல்கிறான். பின்னர் அவனைச் சேர்த்துக்கொள்ளும் பேச்சு எழும்போது, இது என் வேலை இல்லை என்று மறுத்துவிடுகிறான். அந்த மறுப்பைக் கேட்டுச் சான்ஸின் மதிப்பில் அவன் உயர்கிறானே தவிரத் தாழ்வதில்லை. தன் அளவை அறிந்து ஒதுங்கத் தெரிந்தவன் கெட்டிக்காரன் என்பது அவர் எண்ணம். நான் முன்பு இருந்ததுபோல் இவன் வேகமானவனா என்று டூட் ஒருமுறை கேட்கிறான். ஏறக்குறைய சமம்தான், ஆனால் அந்த வித்தியாசத்தை நம்பி உயிரை வைக்க நான் விரும்ப மாட்டேன் என்ற பொருளில் சான்ஸ் பதில் சொல்கிறார். ஒரே வாக்கியத்தில் இளைஞனைப் புகழ்ந்து, நண்பனின் பழைய பெருமையையும் காப்பாற்றி, இன்றைய அவனுடைய நிலையைப் பற்றி வாய் திறக்காமலும் விட்டுவிடுகிறார். இப்படிப்பட்ட பதில்களுக்காகத்தான் இந்தப் படத்தை மறுபடி மறுபடி பார்க்கிறோம்.

'நீ'யும் 'நீங்க'ளும்

தமிழ் பேசும் நமக்கென்று ஒரு வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளும்படி உறுதியாகச் சொல்வேன். ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல்தான். ஒருவர் இன்னொருவரை மதிக்கிறாரா, நெருங்கிவிட்டாரா, விலகுகிறாரா என்பதை அந்தச் சொல் காட்டிக் கொடுக்காது. பெயரைச் சொல்லி அழைக்கும் விதத்திலும் குரலிலும்தான் அது ஒளிந்திருக்கும். எனவே முக்கியமான உரையாடல்களை மனத்துக்குள் பேச்சுத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் 'நீ' போடுவதா 'நீங்க' போடுவதா என்று முடிவெடுத்தே ஆக வேண்டியிருக்கும்; அந்த முடிவை எடுப்பதற்காகவே நீங்கள் காட்சியை முன்னைவிட உன்னிப்பாகக் கேட்பீர்கள்.

வீலரும் சான்ஸும் பேசுவது எளிது, பழைய சிநேகிதம், "என்னப்பா" என்று தொடங்கிவிடலாம். கொலராடோ சொன்ன அந்த ஆங்கில வாக்கியத்தை "என்கிட்டயே கேக்கலாமே ஷெரீஃப், எனக்கும் பேச வரும்" என்று சொல்லிப் பாருங்கள். மரியாதை குறையாமல் குத்துகிற அந்தத் தொனி உடனே பிடிபடும். ஸ்டம்பி கடினமான ஆள். வயதில் மூத்தவர், பதவியில் கீழ்ப்பட்டவர். பணிந்து நடக்கையில் "நீங்க" என்றும், யாரும் தன்னை மெச்சுவதில்லை என்று கோபித்துக்கொள்கையில் "ஏன்டா தம்பி, உனக்காகத்தானே இந்தக் கதவுக்குப் பின்னாடி ராத்திரி பகலா குந்திக்கிட்டிருக்கேன்" என்றும் அவர் பேசுவதாக எனக்குக் கேட்கிறது. இப்படிப் புலம்பும் முதியவர் ஒருவர் நம் எல்லாருடைய குடும்பத்திலும் இருக்கிறார். அவருடைய புலம்பல் பாசத்தின் வடிவம் என்பது நமக்குத் தெரியும், சான்ஸுக்கும் தெரிந்திருக்கிறது. அந்தப் புலம்பலுக்குப் பதிலாக ஓரிடத்தில் அவர் ஸ்டம்பியின் வழுக்கைத் தலையில் சட்டென்று ஒரு முத்தம் வைத்துவிட்டுப் போகிறார்.

ஃபெதர்ஸ் சான்ஸிடம் பேசுவதில்தான் இந்தப் பயிற்சி மிகவும் இனிக்கும். சீட்டாட்டத்தில் ஏமாற்றியவள் என்று அவர் அவள் மேல் சந்தேகப்படுகிறார். வேறொருவனிடமிருந்து சீட்டுகள் அகப்பட்டுச் சந்தேகம் பொய்யான பிறகும் மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் தடுமாறுகிறார். ஊரைவிட்டுப் போய்விடு என்கிறார். வண்டி போய்விடுகிறது, அவள் போகவில்லை. அவர் உறங்கும் இரவில் கையில் துப்பாக்கியோடு அவள் காவல் இருக்கிறாள். 'ஷெரீஃப்' என்று தொடங்கியவள் 'ஜான் டி.' என்று அழைக்கும் நிலைக்கு வருகிறாள். "நீங்க" எந்த இடத்தில் "நீ" ஆகிறது என்று தேடுங்கள். என் கணக்கில், அந்தக் காவல் இரவுக்கு மறுநாள் காலையில்தான். வேறு இடத்தைச் சொல்பவர்களோடு நான் வாதாடியதும் உண்டு.

அவர்கள் இருவரும் பேசும் தாளமும் வேறு. அவள் கேள்வியையும் கேட்டு, அவர் சொல்லக்கூடிய பதிலையும் தானே சொல்லி, அந்தப் பதிலுக்குக் கோபித்தும்கொள்கிறாள். அவர் அதற்குள் அரை வாக்கியம் சொல்லியிருப்பார். துப்பாக்கிக்கு அஞ்சாத மனிதர் ஒரு பெண்ணின் பேச்சுக்கு முன் நிராயுதபாணியாக நிற்பது பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சி.

கைகளையும் பாருங்கள்

பேச்சைக் கேட்கச் சொல்லிவிட்டுக் கைகளைப் பார்க்கச் சொல்வது முரணாகத் தோன்றலாம். ஆனால் இந்தப் படத்தில் வாய் சொல்லாததைக் கைகள் சொல்கின்றன. குடியை நிறுத்திய டூட்டுக்குக் கை நடுங்குகிறது. சிகரெட் தாளில் புகையிலையை வைத்துச் சுருட்ட முயன்றால் எல்லாம் சிந்துகிறது. சான்ஸ் ஒன்றும் சொல்லாமல் சுருட்டிய ஒரு சிகரெட்டை அவனிடம் நீட்டுகிறார். பேசிக்கொண்டிருக்கும் விஷயம் வேறு, பார்வையும் வேறு பக்கம், கை மட்டும் நீள்கிறது. பிறகும் இது நடக்கிறது. ஒருவரையொருவர் நேசிக்கும் இரண்டு ஆண்கள் அதைச் சொல்ல வெட்கப்படும்போது எப்படி நடந்துகொள்வார்கள் என்பதற்கு இதைவிட நல்ல காட்சி எனக்குத் தெரிந்து இல்லை. டூட் விற்றுத் தொலைத்த பழைய துப்பாக்கிகளைச் சான்ஸ் தேடி வாங்கி இத்தனை நாளாக வைத்திருந்தார் என்பதும் இப்படித்தான், பெரிய அறிவிப்பு ஏதுமின்றித் தெரியவருகிறது.

சொல்ல வந்ததை நேராகச் சொல்லாமல் வேறொன்றில் மோதவைத்துச் சொல்லும் இந்த முறைக்கு ஹாக்ஸ் தம் பேட்டிகளில் பில்லியர்ட்ஸ் ஆட்டத்தின் சொல் ஒன்றைப் பயன்படுத்தினார். நமக்குக் கேரம் பலகையை நினைத்துக்கொள்வது எளிது. காயை நேரே குழிக்குத் தள்ளாமல், எதிர்ச்சட்டத்தில் மோதித் திரும்பி வந்து விழும்படி அடிப்பதுதான் இது. படத்தின் இறுதியில் ஃபெதர்ஸ் மேடை உடையை அணிந்துகொண்டு வரும்போது, இதைப் போட்டுக்கொண்டு வெளியே போனால் கைது செய்துவிடுவேன் என்கிறார் சான்ஸ். அவள் கண்கலங்கி மகிழ்கிறாள். காதலிக்கிறேன் என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிகிறது, நமக்கும் புரிகிறது. அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வராமலே காதல் சொல்லப்பட்டுவிடுகிறது. திரைக்கதையை எழுதிய இருவரில் ஒருவர் லீ பிராக்கெட் என்ற பெண் எழுத்தாளர், மற்றவர் ஜூல்ஸ் ஃபர்த்மன்; இருவரும் 1946இலேயே ஹாக்ஸுக்கு எழுதியவர்கள். அறிவியல் புனைகதைகளாலும் அறியப்பட்ட பிராக்கெட்டின் பெயர் பிற்காலத்தில் 1980ஆம் ஆண்டின் 'ஸ்டார் வார்ஸ்' படத்திலும் இடம்பெற்றது.

ஒவ்வொரு காட்சியிலும் இப்படி ஒரு பயிற்சி செய்யலாம். பேசப்படும் பொருள் எது, பேச்சின் உண்மையான பொருள் எது என்று இரண்டையும் தனித்தனியே ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகவே இருக்கும் காட்சிகள் வெகு சில என்பதை விரைவில் காண்பீர்கள்.

இரண்டு கோப்பைகள்

கேட்கும் பழக்கம் வந்துவிட்டதா என்று உங்களை நீங்களே சோதிக்க இரண்டு காட்சிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, வீலரைக் கொன்றவன் பர்டெட்டின் மதுக்கூடத்துக்குள் ஓடி ஒளியும் காட்சி. இதுநாள் வரை பின்வாசல் வழியாகவே குடிக்க நுழைந்த டூட், இன்று முன்வாசல் வழியாகத் தான் போவதாகவும் சான்ஸ் பின்வாசலுக்குப் போகட்டும் என்றும் கேட்டுக்கொள்கிறான். வாசலைப் பற்றிய அந்தச் சின்னப் பேச்சின் கனத்தை உணர்ந்தால் காட்சியின் பாதி உங்களுக்கு வசமாகிவிடும். ஓடியவனின் காலணியில் சேறு பட்டிருக்கும் என்கிறான் டூட். உள்ளே உள்ளவர்களின் காலணிகளில் சேறு இல்லை. குடிகாரனுக்குக் கண் மங்கிவிட்டது என்று கேலி எழுகிறது, மறுபடி ஒரு நாணயம் படிக்கத்துக்குள் விழுகிறது. தலை குனிந்து மேசையருகே நகரும் டூட்டின் கண்ணில், அங்கே வைத்திருந்த பீர் கோப்பைக்குள் மேலிருந்து சொட்டும் இரத்தத் துளி படுகிறது. திரும்பி மேலே சுடுகிறான். சுடுவது ஒரு நொடி. அதற்கு முன் அந்தக் கூட்டத்தின் சிரிப்பு நீடித்த நேரம் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது காட்சியில், மறுபடி தோற்றுப்போன டூட் வேலையை விட்டுவிட முடிவெடுத்து, ஒரு கோப்பையில் விஸ்கியை ஊற்றிக்கொள்கிறான். தெருவுக்கு அப்பால் பர்டெட்டின் ஆட்கள் டிரம்பெட் இசைக்கிறார்கள். இரக்கம் காட்டப்படாது என்று எதிரிக்கு அறிவிக்கும் ராகமாக அந்த இசை முன்பே நமக்கு விளக்கப்பட்டிருக்கிறது. இசையமைப்பாளர் திமித்ரி டியோம்கின் இந்தப் படத்துக்காகவே அமைத்த மெட்டு அது. கேட்டுக்கொண்டே நிற்கும் டூட், கோப்பையில் உள்ளதை மெல்லப் புட்டிக்குள் திருப்பி ஊற்றுகிறான். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. நடுக்கம் நின்றுவிட்டதை அவன் கவனித்துச் சொல்லும்போதுதான் மற்றவர்கள் மூச்சு விடுகிறார்கள். சிகரெட் காட்சிகளைக் கவனித்து வந்தவருக்கு, புட்டியின் வாயை நோக்கி அந்தக் கை செல்லும் சில நொடிகள் எந்தத் துப்பாக்கிச் சண்டையையும்விடப் பதைப்பைத் தரும். கவனிக்காமல் வந்தவருக்கு ஒருவன் மதுவைத் திருப்பி ஊற்றினான், அவ்வளவுதான்.

இதற்குச் சற்றுப் பின்னால் சிறைக்குள் ஒரு பாட்டு வருகிறது. டீன் மார்ட்டினும், கொலராடோவாக நடித்த ரிக்கி நெல்சனும் பாடகர்கள் என்பதால் திணித்த பாட்டு என்று எண்ணித் தள்ளி ஓட்டிவிடாதீர்கள். தொப்பி முகத்தை மறைக்கப் படுத்துக்கொண்டே டூட் பாட, கொலராடோ கிட்டார் வாசிக்க, ஸ்டம்பி ஹார்மோனிகாவோடு சேர்ந்துகொள்ள, சான்ஸ் ஒதுங்கி நின்று புன்னகையோடு கேட்கிறார். அவர் மட்டும் பாடுவதில்லை. இத்தனை நேரம் ஒருவரையொருவர் எடைபோட்டுக்கொண்டிருந்த நால்வர், இனி எடைபோட வேண்டியதில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டதை இந்தப் பாட்டு சொல்கிறது. வசனத்தில் சொல்லியிருந்தால் அது பொய்யாகியிருக்கும்.

குறைகளையும் தெரிந்துகொண்டே பாருங்கள்

இந்தப் படத்தை நேசிக்கிறேன் என்பதற்காக அதன் குறைகளை மறைக்கப் போவதில்லை. கார்லோஸும் அவர் மனைவி கொன்சுவேலோவும் பெரும்பாலும் சிரிப்பு மூட்டவே பயன்படுகிறார்கள்; எல்லையோர ஊர் ஒன்றின் மெக்சிகோ வம்சாவளியினருக்குக் கதை தரும் இடம் மிகச் சிறியது. இறுதிச் சண்டையில் கார்லோஸ் யாரும் அழைக்காமலே வந்து நிற்கிறார் என்றாலும், அவர் தேறுவாரா என்று ஒருவரும் ஒருபோதும் பொருட்படுத்திக் கேட்டதில்லை. வெய்னுக்கும் ஃபெதர்ஸாக நடித்த ஆஞ்சி டிக்கின்சனுக்கும் இடையே 24 வயது வித்தியாசம் இருப்பது சில காட்சிகளில் உறுத்தும். படப்பிடிப்பின்போது 18 வயதே நிரம்பிய நெல்சன் மற்றவர்களின் நடிப்புக்கு ஈடுகொடுக்கவில்லை. ஆனால் பேச்சைக் குறைத்து மூக்கோரத்தைத் தேய்க்கும் ஒரு பழக்கத்தை அவருக்குக் கொடுத்து ஹாக்ஸ் ஓரளவு சமாளித்துவிட்டார். வெடிமருந்துக் குச்சிகளை ஸ்டம்பி வீச, சான்ஸ் அவற்றைச் சுட்டு வெடிக்கவைக்கும் இறுதிச் சண்டை உற்சாகமானதுதான், எனினும் படத்தின் ஆழமான பகுதி அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. சண்டைக்காகவே காத்திருந்தவர்களுக்கு அது கொஞ்சம் சாதாரணமாகப் படுவதும் அதனால்தான்.

அடுத்து எதைப் பார்ப்பது

காது பழகிவிட்ட பிறகு இதே வகையில் வேறு படங்களுக்குப் போகலாம். ஹாக்ஸும் வெய்னும் இதே கதையமைப்பை 'எல் டொராடோ'வில் மறுபடி கையாண்டார்கள். நகைச்சுவை கூடுதல், கூர்மை சற்றுக் குறைவு. 1993இல் வந்த 'டூம்ஸ்டோன்' படத்தில் டாக் ஹாலிடேயாக வால் கில்மர், எதிரி துப்பாக்கியைச் சுழற்றிக் காட்டியதும் அதேபோல் தம் குடிகோப்பையைச் சுழற்றிக் காட்டும் காட்சி ஒன்று உண்டு. பேச்சும் சைகையும் துப்பாக்கிக்கு முந்திக்கொள்வதற்கு அது நல்ல உதாரணம். குவென்டின் டாரன்டினோவின் 'தி ஹேட்ஃபுல் எய்ட்' 2015இல் வந்தது. பனிப்புயலில் ஒரே கூரைக்குக் கீழ் மாட்டிக்கொண்டவர்களின் பேச்சுதான் அந்தப் படமும். ஆனால் அங்கே யார் தேறுவார் என்பதைவிட யார் பொய் சொல்கிறார் என்பதே கேள்வி. இரத்தமும் இன வசையும் மிகுந்த படம் என்பதால் குழந்தைகளோடு பார்க்க வேண்டாம்.

எனினும் உங்களுக்கு நேரம் குறைவென்றால் நான் முதலில் கையில் கொடுப்பது 1939ஆம் ஆண்டின் 'ஸ்டேஜ்கோச்' படத்தைத்தான். ஜான் ஃபோர்டு இயக்கியது, 96 நிமிடங்கள், ஒரு குதிரைவண்டியில் ஒன்பது பேர். வழியில் ஒரு தங்கலில் எல்லாரும் சாப்பிட உட்காரும் காட்சி வரும். ஊரால் விரட்டப்பட்ட டாலஸ் என்ற பெண்ணுக்கு, சிறையிலிருந்து தப்பி வந்த ரிங்கோ நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொல்கிறான். எதிரே இருந்த கனவான்களும் சீமாட்டியும் எழுந்து மேசையின் மறுகோடிக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் தன்னைக் கண்டுதான் விலகிப் போகிறார்கள் என்று ரிங்கோ நினைத்துக்கொள்கிறான். அந்த மேசையில் நடக்கும் பேச்சையும் தமிழில் சொல்லிப் பாருங்கள். குடிகார டாக்டர் பூன் டாலஸை உரிமையோடு "நீ" என்பார். மற்றவர்கள் அவளிடம் பேசவே மாட்டார்கள். "நீங்க" என்று அழைப்பவன் ரிங்கோ ஒருவன் மட்டுமே என்று என் காதுக்குக் கேட்கிறது.